நாற்காலி இல்லாத மலை

ஜூலை 20, ஞாயிறு

மவுண்ட் ஹட் மலையின் நீல வழிகள் எல்லாவற்றிலும் இன்றோடு இறங்கிவிட்டேன். இங்கே ஜூலையில்தான் பனிக்காலம். பனிச்சறுக்கு மலையில் வழிகளுக்கு நிறம் உண்டு. பச்சை, புதிதாக வருபவர்களுக்கும் குழந்தைகளுக்கும். நீலம், ஓரளவு பழகியவர்களுக்கு. கறுப்பு, பயமில்லாதவர்களுக்கு. போன வருஷம் பச்சையில் பத்தடி போவதற்குள் நாலு தடவை விழுந்தவள் நான். இன்று கடைசி நீலத்தில் எங்கேயும் நிற்காமல் இறங்கினேன். கல்லூரியில் தடை ஓட்டம் ஓடும்போது கடைசித் தடையைத் தாண்டியதும் காதுக்குள் ஒரு இரைச்சல் வரும். அது வந்தது. அந்த வேகத்திலேயே கறுப்பு ஒன்றிலும் போய்ப் பார்த்தேன். சின்னது, ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிட்டது.

இவர் வழக்கம்போல எனக்குப் பின்னால் வெகு நேரம் கழித்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று வந்து சேர்ந்தார்.

சேர்லிஃப்டில்தான் எனக்குக் கஷ்டம். கம்பியில் தொங்கும் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேலே போகிறோம். காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளை. எனக்கு வாய் ஓயாது. இவர் குறுக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். தூக்கமா, முருகனைக் கும்பிடுகிறாரா, தெரியாது. என் பேச்சுக்கு ஒரு 'உம்'கூட வராது.

காரில் திரும்பும்போது சொன்னேன், "இதவிடக் கஷ்டமான மலையா ஒண்ணு போகணுங்க. காலைல கார்ல கிளம்பி சாயங்காலம் வந்துர்ற மாதிரி."

"பாக்கலாம்" என்றார். சிவபாலனின் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமாகி இத்தனை மாதமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

குழந்தைகள் காப்பகத்தில் இன்று ஐந்து பேருக்குச் சளி. எல்லா மூக்கையும் நான்தான் துடைத்தேன். போடியில் பி.டி. டீச்சராக இருந்தபோது மைதானத்தில் விசில் ஊதினால் இருநூறு பிள்ளைகள் நிற்பார்கள். இங்கே கையில் டிஷ்யூ பெட்டி. பரவாயில்லை, ஒன்றும் குறையில்லை.

ஹாலில் பல்பு போய்விட்டது. ஏணியில் ஏறி நான்தான் மாற்றினேன். இவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் இறங்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இணையத்தில் கறுப்பு வழிகளின் வீடியோக்கள் பார்க்கப் பார்க்கக் கால் தன்னால் ஆடுகிறது.

ஜூலை 24, வியாழன்

அக்டோபரில் தம்பிக்குக் கல்யாணம். டிக்கெட் எடுக்க வேண்டும். சாப்பிடும்போது சொன்னேன், "போறதுக்கு மட்டும் எடுங்க. திரும்புறது எப்பன்னு அங்க போய்ப் பாத்துக்கிறலாம்."

"சரி" என்றார். ரசத்தைக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

ஏன், எத்தனை நாள் என்று கேட்பார் என நினைத்திருந்தேன். கேட்காதது நல்லதுதான். சாப்பிட்ட பிறகு அடுப்பைக் கழற்றித் துடைத்தேன். குக்கர் மூடியின் இடுக்கு, ஜன்னல் கண்ணாடி, ஃபிரிட்ஜின் பின்பக்கம், எல்லாம் துடைத்தேன். ரொம்ப நாளாகச் செய்ய நினைத்த வேலை.

ஜூலை 27, ஞாயிறு

மழை. மலையை மூடிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு மாதிரி ஒரு நாள் போனதே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம்வரை சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து மலை தேடினோம்.

மூன்று இடங்களை நான் குறித்து வைத்திருந்தேன். முதலாவதைக் காட்டியதும் இவர் கேட்ட கேள்வி, "சேர்லிஃப்ட்டா?"

"ஆமா. ரொம்ப நீளமாம். கீழ ஓடை தெரியுமாம்."

"வேணாம். சனிக்கிழமை கூட்டமா இருக்கும்."

இரண்டாவது இடத்துக்குக் காரை நிறுத்திவிட்டு, சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்து ஏற வேண்டும். ஏறுகிற நேரத்துக்கு நாலு தடவை சறுக்கலாமே என்று நானே தள்ளிவிட்டேன். மூன்றாவதில் நாலு பேர் உட்காரும் புது நாற்காலி போட்டிருக்கிறார்களாம். அதற்கும் இவர் தலையாட்டினார். கூட்டம் பிடிக்காத மனுஷன். சரி என்று விட்டேன்.

பிறகு இவரே ஒன்றைத் தேடிக் காட்டினார். ஃபாரோ பேசின். கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கம்பெனி நடத்துவதில்லை. ஒரு சங்கம், உறுப்பினர்களே வேலை பார்க்கிறார்கள். பச்சை வழியே கிடையாது. நீலம் கொஞ்சம். மீதி மலை முழுக்கக் கறுப்பு. நாற்காலியும் கிடையாது. மேலே போவதற்கு ஓடிக்கொண்டே இருக்கும் கயிறுதான். இடுப்பில் பட்டை கட்டி, அதில் தொங்கும் இரும்புப் பிடியைக் கயிற்றின்மேல் போட்டு இறுக்கினால் கயிறு நம்மை இழுத்துக்கொண்டு போகும். அந்தப் பிடி பார்க்க அப்படியே பாக்குவெட்டி.

"தரையோட தரையா போகும்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். இந்த மனுஷன் முகம் இப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

"கைய விட்டா கையே போயிரும்னு எழுதியிருக்காங்க. ஒங்களுக்குப் பயமில்லயா?"

"கயித்துக்கு என்ன பயம்" என்றார்.

எனக்குத்தான் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. வெங்காய பஜ்ஜி போட்டேன்.

ஜூலை 30, புதன்

திண்டுக்கல்லிலிருந்து அத்தை பேசினார். ஃபாரோ பேசின் போவதைச் சொன்னேன். அத்தை சிரித்துவிட்டார். "அவனா? கொடைக்கானல் தூண் பாறைக்குக்கூட வேனை விட்டு எறங்க மாட்டான்மா. அவனை எப்படிப் பனி மலைக்கு இழுத்துட்டுப் போற?"

வேனில் வாந்தி வந்திருக்கும். கொடைக்கானல் வளைவுகளில் எனக்கும் வரும்.

அம்மாவும் பேசினாள். "கல்யாணத்துக்கு வர்றியே, இங்கயே இருந்துருவியா?" என்று நேராகக் கேட்டாள். சமையல் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரில் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போயிருப்பார்கள். இங்கே தோட்டக் குழாயில் தண்ணீர் உறைந்து நின்றது. இருந்தாலும் எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் செய்தேன். அவற்றைக் காரின் பின்பக்கத்தில் வைத்தே சாப்பிட்டோம். ஏனென்றால் இன்று முழுக்கச் சங்கிலிப் பயிற்சி.

ஃபாரோ பேசின் பாதை ஒற்றைக் கார் அகல மண் பாதை. பனி விழுந்தால் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டாமல் ஏற முடியாது. இவர் காருக்கடியில் படுத்து, விளக்கப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கொக்கிக்கு அரை மணி நேரம் எடுத்தார். "நகருங்க" என்று சொல்லிவிட்டு நான் மாட்டினேன். அடுத்த சக்கரத்தை இவர் மாட்ட, நான் கையில் போன் வைத்து நேரம் பார்க்க, மூன்றாவது முறை போட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கை விறைத்துப்போன பிறகுதான் உள்ளே வந்தோம்.

"சனிக்கிழமை போயிறலாமா?" என்றேன்.

"காத்தும் பனியும் எப்படின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மலையில் முழங்கால் ஆழத்துக்குப் புதுப் பனி. சனிக்கிழமை வெயிலாம். மதியத்துக்கு மேல் மேகம் வரலாமாம். போகிறோம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. இடுப்புப் பட்டை, பாக்குவெட்டி இரண்டு, கையுறைக்கு மேல் போடும் தோல் உறை. புளிசாதம், முட்டை, ஃபிளாஸ்க். இவர் தன் ஆரஞ்சு ஜாக்கெட்டைத் தானே மடித்து வைத்தார். சாப்பாடு சரியாகச் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். "அப்ப வேணாமா?" என்றேன். இதைக் கேட்கும்போது என் குரல் போன விதம் எனக்கே பிடிக்கவில்லை.

"போறோம்" என்றார்.

மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் இப்படித்தான் இருக்கும். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று எழுத வரவில்லை. இருவரும் முழுசாக வீடு வந்து சேர்ந்தோம். மீதி நாளைக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

இருட்டு விலகுவதற்கு முன்பே கிளம்பினோம். சமவெளி முடிந்து மலைகள் எழும்பும் இடத்தில் சூரியன் வந்தது. மண் பாதை ஆரம்பிக்கும் இடத்தில் சங்கிலி மாட்டினோம். எனக்கு முன்னால் இவர் முடித்துவிட்டார். பாதையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. நான் ஜன்னலை இறக்கி ஒன்றுமில்லாத பக்கத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கார் மலையோடு உரசுவதுபோல் போனது. பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு தடவை பாறையில் பட்டது. "கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்கலாம்ல?" என்றேன். இவர் ஸ்டீயரிங்கை இன்னும் மலைப் பக்கமே திருப்பினார். நெற்றியில் வியர்வை. ஹீட்டரைக் குறைத்தேன்.

கீழ்க் கயிற்றைப் பார்த்துக்கொண்டவர் ஹெலன். என்னைவிடப் பத்து வயது கூடுதலாக இருக்கும், வாரநாளில் பல் டாக்டராம். பாக்குவெட்டியை எப்படிப் போடுவது என்று காட்டினார். முதல் தடவை கயிறு என்னை முகம் குப்புறத் தள்ளியது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில்தான் பிடித்தேன். இவர் முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார். எனக்குப் பின்னால் கயிற்றில் வந்துகொண்டே பேசினார். நிஜமாகவே பேசினார். "கோதை, கப்பி வருது, விரலப் பாத்துக்க" என்றார். "அங்க பாரு, ஒரு பச்சைக் கிளி" என்றார். இந்த ஊரில் மலை உச்சியில் கிளி இருக்கிறது, பனியில் நடக்கிறது. நான் சிரித்துச் சிரித்துக் கயிற்றை விடப் பார்த்தேன்.

கீழ்ப் பாதியில் மூன்று தடவை இறங்கினோம். மாவு மாதிரிப் பனி, சத்தமே இல்லை. இவர்கூட இரண்டு இடத்தில்தான் நின்றார். எனக்கு மேலே போகாமல் இருக்க முடியவில்லை. மேல் கயிறு ஒன்று முகட்டுக்குப் போகிறது. இவர் அதை அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, வா" என்றார்.

முகடு என்றால் மதில் சுவர். நாலு பேர் வரிசையாக நிற்கலாம். முன்னாலும் பள்ளம், பின்னாலும் பள்ளம். பின்பக்கம் தூரத்தில் ஓர் ஏரி. காற்று சட்டைக்குள் புகுந்தது. நான் என் கறுப்பு வழியைத் தேடி விளிம்புக்குப் போனேன். இரண்டு பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் ஒரு சந்து. இவர் கயிற்றை விட்டதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீ போ. நான் வர்றேன்" என்றார்.

எப்போதும் சொல்வதுதானே என்று போய்விட்டேன்.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் திருப்பத்தில் ஸ்கீ எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்து வளைத்தேன். இரண்டாவதில் உடம்பு தானாகவே செய்தது. பாறை இரண்டு பக்கமும் மேலே போக, நான் கீழே போக, பனி என் இடுப்புவரை எழும்பிப் பறந்தது. கத்தினேன் போலிருக்கிறது. தொண்டை இப்போதும் வலிக்கிறது. சந்து முடிந்து விரிந்த இடத்தில் நின்று திரும்பி மேலே பார்த்தேன், இவர் எங்கே வருகிறார் என்று.

வரவில்லை. முகட்டில் ஒரு ஆரஞ்சுப் புள்ளி, உட்கார்ந்த இடத்திலேயே. கையை ஆட்டினேன். அது அசையவில்லை. மலைக்குப் பின்னாலிருந்து மேகம் வர ஆரம்பித்திருந்தது.

மறுபடி கயிற்றைப் பிடித்து மேலே போனேன். இவர் இரண்டு கையையும் முழங்கைவரை பனியில் புதைத்து, மலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. கண் மூடியிருந்தது. நாற்காலியில் மூடுவாரே, அதே மாதிரி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. உயரம்."

"உயரம்னா?"

"சின்னதுலேருந்தே அப்படித்தான். மொட்டை மாடிக்குப் போனாலே காலு செத்துரும்."

"அப்ப நாற்காலில கண்ண மூடுறது?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குங்க வாராவாரம் வந்தீங்க? என்னைய மட்டும் அனுப்பியிருக்கலாம்ல?"

இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "போன வருஷம் நீ வந்து ரெண்டு மாசம் அழுதுகிட்டே இருந்த. குளிக்கப் போனா தண்ணியத் திறந்துவிட்டு அழுவ, எனக்குக் கேக்காதுன்னு. என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியல. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாருன்னு பனிக்குக் கூட்டிட்டுப் போனேன். மொத நாளு விழுந்து கெடந்து சிரிச்ச பாரு. இந்த ஊருக்கு வந்து நீ சிரிச்சது அங்கதான். அப்புறம் எப்படிக் கூட்டிட்டுப் போகாம இருக்கிறது?"

வந்த புதிதில் குளிர் ஒத்துக்கொள்ளாமல் கண்ணும் மூக்கும் வழிந்ததாகத்தான் இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்டிருக்கிறது.

கயிற்றின் மேல் முனையில் இருந்த இளைஞர் வந்து குனிந்து பார்த்தார். மேகம் வருவதால் கயிற்றை நிறுத்தப் போகிறார்களாம். வாக்கிடாக்கியில் ஹெலனின் குரல். ஸ்ட்ரெச்சர் வண்டி அனுப்பவா, கட்டி இறக்கிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். இவரிடம் சொன்னேன்.

"கட்டி எறக்குனா கண்ண மூடிக்கலாம்" என்றார். "நீ கூட வருவியா?"

"வண்டியிலயா? எடமிருக்காது."

"அப்ப வேணாம்" என்றார்.

எழுந்து நிற்க வைக்கவே வெகு நேரமானது. சந்துப் பக்கம் போகவில்லை. முகட்டின் ஓரமாகவே கொஞ்ச தூரம் போனால் அகலமான சரிவு ஒன்று உண்டு, அந்த இளைஞர் காட்டினார். அங்கேயும் விளிம்பைத் தாண்டும் முதல் இடம்தான் பயங்கரம். இவருக்கு நேர் கீழே நான் நின்றுகொண்டேன், இவர் பார்வையைப் பள்ளத்துக்குப் போகவிடாமல். ஸ்கீயைக் குறுக்காக வைத்து, பக்கவாட்டிலேயே, ஒரு சாண் ஒரு சாணாகச் சறுக்கி இறங்க வேண்டும்.

"பள்ளத்தப் பாக்காதீங்க. என்னையப் பாருங்க."

சரி என்பார். பார்வை என் தோளைத் தாண்டிப் போகும். உடம்பு இறுகி நின்றுவிடும். மறுபடி சொல்வேன். மறுபடி சரி என்பார். மேகத்தின் முதல் துண்டு எங்கள் மேல் வந்து போனது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, இவர் ஸ்கீ நழுவி ஒரு பக்கம் சாய்ந்தது. மைதானத்துக் குரல் என்னை மீறி வந்துவிட்டது.

"டேய் பாலா, கீழ பாக்காதடா. என்னையப் பாரு."

மேலே நின்ற இளைஞருக்குத் தமிழ் தெரியாது, நல்லவேளை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் என்னைப் பார்த்தார். நேராக, கண்ணுக்குள். பிறகு இவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். சத்தமாகச் சிரித்தார். சிரித்ததில் முழங்கால் தளர்ந்தது. தளர்ந்ததும் ஸ்கீ தானாக நகர்ந்தது. விளிம்பைத் தாண்டிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு சாண், இரண்டு சாண், ஒரு கெஜம். மேகம் எங்களை மூடியதும் இவருக்கு இன்னும் வசதியாகிவிட்டது. பள்ளமே தெரியவில்லை. என் முகம் மட்டும்தான் தெரிந்தது. நான் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் இடது, வலது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கீழே ஹெலன் எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம்.

கீழே சங்கத்தின் குடிசையில் சூப் கொடுத்தார்கள். இவரால் கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். எல்லாருக்கும் முன்னால் ஸ்பூனால் ஊட்டினேன், யாரும் கண்டுகொள்ளவில்லை.

திரும்பும்போது நான் ஓட்டினேன். மண் பாதை முழுக்க இவர் கண்ணை மூடிக்கொண்டே பேசிக்கொண்டு வந்தார். தார்ச் சாலை வந்த பிறகு கண்ணைத் திறந்தும் பேசினார். பத்து வயதில் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதியில் மாட்டிக்கொண்டது, எதிர்வீட்டு மாமா தோளில் தூக்கி இறக்கியது, என்னைப் பெண் பார்க்க போடிக்கு வந்த அன்று எங்கள் வீட்டு மாடிக்கு ஏறாமல் வாசலிலேயே நின்றது. அன்று மாப்பிள்ளைக்குத் திமிர் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம்.

வழியில் ஷெஃபீல்டு என்ற சின்ன ஊரில், உள்ளே கறி வைத்த 'பை' என்கிற பலகாரம் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன், "ஏங்க, அக்டோபர் டிக்கெட்டு. போக வர ரெண்டும் சேத்தே எடுங்க."

இவர் மென்றுகொண்டே, "சரி" என்றார். அதே 'சரி'தான். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் மூக்கைத் துடைத்தார். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இரண்டு பேருக்கும் படுத்தால் எழ முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. காப்பகத்தில் ஒரு குழந்தை என் நடையை அப்படியே நடித்துக் காட்டியது.

வேலையிலிருந்து வந்ததும் மலை தேட உட்கார்ந்தேன். நான் பார்த்தது தட்டையான பள்ளத்தாக்கு ஒன்று. நடப்பதுபோல் ஸ்கீயில் போகலாம், ஏற்றமே கிடையாது. இவர் வந்து பார்த்துவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஃபாரோ பேசின் பனி நிலவரத்தைத் திறந்தார்.

"மறுபடியுமா?"

"கீழ்க் கயிறு வரைக்கும் எனக்கு நல்லாருந்துச்சு. நீ மேல போயிட்டு வா. நான் கீழ நின்னு பாக்குறேன். அந்தச் சந்துல நீ எறங்குனதை நான் பாக்கவே இல்ல, கண்ண மூடிட்டேன்."

சனிக்கிழமை போகிறோம்.

இன்னொன்றும் கேட்டார், காதில் விழுந்தும் விழாத மாதிரி. "அன்னைக்கு மலைல ஒரு வார்த்தை சொன்னீல்ல. அது மலைக்கு மட்டும்தானா?"

எழுதும்போதே காது சுடுகிறது.

சாயங்காலம் அம்மா வீடியோவில் வந்தாள். கல்யாணப் புடவை நிறத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். டீயை ஊற்றிவிட்டு, போன் கையில் இருப்பதை மறந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். "டேய், டீ ஆறுது."

அம்மா புடவையைக் கீழே வைத்தாள். "யாரடி அது? யார் வந்துருக்கா?"

"யாரும் வரல. ஒன் மருமகன்தான்."

அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு போனுக்குள் எட்டிப் பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து, நொண்டிக்கொண்டு வரும் காலடிச் சத்தத்தோடு, "இதோ வந்துட்டேன்டி" என்று பதில் வந்தது.